பெருஞ்சித்திரனார் பாடல்களில் வறுமையும் வாழ்வும்

புறநானூற்றுள் வறுமை கூறும் பாடல்களை, புலவர் தம் குறை உரைத்துப் பொருள் வேண்டிய இரவற் பாட்டுகள் என்ற அளவில் மதிப்பாரும் உளர். பெருஞ்சித்திரனார் பாடியனவாக 158 முதல் 163 வரை அடுத்தடுத்து நிற்கும் ஆறு பாடல்களையும் ஒருங்கு வைத்து நோக்கின், அம்மதிப்புப் பொருந்தாமை புலனாகும்.

159ஆம் பாட்டில், முதுமையால் முற்றத்திற்கும் வரமாட்டாத தாயும், குப்பைக்கீரையை உப்பின்றி வேகவைத்துண்ணும் மனைவியும் காட்டப்பெறுகின்றனர். 160இல், பசித்த மகன் வெறுங்கலங்களைத் திறந்து பார்த்து அழுகின்றான். தாய் புலியைச் சொல்லி அச்சுறுத்தியும் மதியத்தைக் காட்டியும் அவனை ஆற்றமாட்டாது வருந்துகின்றாள். இத்துணைக் கொடிய வறுமையைக் கூறும் 159ஆம் பாட்டே, உவப்பின்றித் தரும் களிற்றையும் கொள்ளேன், உவந்து தரின் குன்றிமணி அளவினதாயினும் கொள்வேன் என்று முடிகின்றது. இது வெறும் சொல்லன்று. இளவெளிமான் தந்த சிறு பரிசிலைக் கொள்ளாது சென்று, குமணன்பாற் பெற்ற யானையை அவனது கடிமரத்திற் கட்டிய செய்தியை 162ஆம் பாட்டு உணர்த்தும். அதியமான் தம்மைக் காணாது அளித்த பரிசிலைப் புலவர் மறுத்தமை 208ஆம் பாட்டாற் பெறப்படும்.

எனினும், பெருமிதம் ஒன்றே அக்குடியை வாழ்வித்தது எனல் சாலாது. 163ஆம் பாட்டு மனைவியை நோக்கியது. குமணன் தந்த வளத்தை யார்க்கும் கொடுக்குமாறும், தம்மையும் கேளாது கொடுக்குமாறும், சேமித்து வாழ எண்ணாதிருக்குமாறும் புலவர் கூறுகின்றார். கொடுக்கத் தக்கார் வரிசையில், சுற்றத்தின் பசி தீர அவளுக்குக் குறியெதிர்ப்பை தந்தோரும் எண்ணப்படுதல் சிறப்பாக நோக்கற்பாலது. அளந்து வாங்கி, அவ்வளவே திருப்பித் தரும் கடனே குறியெதிர்ப்பை. வள்ளலின் கொடை வரும்வரை அடுப்பெரியச் செய்தது அக்கடனே என்பது இதனாற் போதரும். வள்ளலைப் பாடுதற்கு எழுந்த துறையில் அவர்தம் உதவியும் மறவாது பதியப்பெற்றுள்ளது.

கீரை கொய்த கையே ஈயும் கையாக மாறுதலை இவ்வடைவு காட்டுகின்றது. பாட்டைத் தனித்தனியே பிரித்துக் கற்பார்க்கு இத்தொடர்பு புலப்படாது. மனைவியின் சொல் புலவர் வாய்வழியன்றி நேரே கேட்கப்படாமை இவற்றின் குறையே. ஆயினும், துன்பத்தைக் கடந்தார் அதனை மறவாமையே வாழ்வின் நிறைவு எனக் காட்டும் இப்பாடல்களை இரவற்பாட்டு என ஒதுக்குதல் முறையன்று.