0.00 என்றால் சமமா?

2018 நவம்பர், லண்டன். உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் 6-வது ஆட்டத்தில் கார்ல்சன் வெள்ளை, கருவானா கறுப்பு. 68-வது நகர்த்தலில் கறுப்புக்கு வெற்றி இருப்பதாக நார்வேயில் இயங்கிய செஸ்ஸே என்ற கணினி காட்டியது. அதற்கு பிஷப்பை ஹெச்4-க்கு நகர்த்திவிட்டு, குதிரையை எதிராளியின் முதல் வரிசையில், ஜி1-ல் கொண்டுபோய் வைக்க வேண்டும். மேட் அதற்குப் பிறகும் முப்பது நகர்த்தலுக்கு மேல் தள்ளி இருந்தது. திரும்பி வர வழி தெரியாத இடத்தில் குதிரையை வைக்க எந்த கிராண்ட்மாஸ்டருக்கும் கை வராது. ஆட்டம் டிரா. திரையைப் பார்த்தவர்களுக்கு அது கைநழுவிய வெற்றி. பலகைக்கு முன்னால் இருந்த இருவருக்கோ அப்படியொரு வெற்றி இருந்ததே தெரியாது. அங்கே கருவானா 'தவறவிட்டார்' என்று சொல்வது அநியாயம்.

இன்ஜின், அதாவது நிலையை அலசும் கணினி நிரல், சொன்னது பொய்யல்ல. மதிப்பீடாக அது தரும் எண்ணை நாம் படிக்கும் விதத்தில்தான் கோளாறு. +1.00 என்றால் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் அளவு சாதகம் என்பது பழைய கணக்கு. 2022 டிசம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 என்ற இன்ஜின் அதை மாற்றிவிட்டது. இப்போது +1.00 என்பது 50% வெற்றி வாய்ப்பு. யாருக்கு எதிராக? அதே பலமுள்ள இன்னொரு ஸ்டாக்ஃபிஷ்ஷுக்கு எதிராக. ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்டில் ஆடுபவருக்கு அந்தச் சதவீதத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

எண்களிலேயே அதிகம் ஏமாற்றுவது 0.00. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் உலக சாம்பியன் பட்டத்துக்காக குகேஷுக்கும் டிங் லிரெனுக்கும் கடைசி ஆட்டம். வெள்ளையோடு ஆடிய டிங்குக்கு ஒரு சிப்பாய் குறைவு. இன்ஜினின் எண்ணைத் திரையில் காட்டும் பட்டை சமம் என்றது. கணக்குப்படி சரிதான். ஆனால் ஜெயிக்க முயலும் உரிமை ஒருவருக்கு மட்டுமே இருந்தது. குகேஷுக்கு ஆபத்தே இல்லை. டிங்குக்கோ ஒவ்வொரு நகர்த்தலும் தேர்வு. 55-வது நகர்த்தலில் டிங் ரூக்கை எஃப்2-வில் வைத்துப் பரிமாற்றத்துக்கு அழைத்தார். அவருடைய பிஷப் ஏ8 மூலையில் நின்றது. ரூக்குகளை வெட்டிக்கொண்ட குகேஷ் தன் பிஷப்பை டி5-ல் நிறுத்த, பிஷப்புகளும் பலகையை விட்டு இறங்கின. எஞ்சிய ராஜா-சிப்பாய் ஆட்டம் கறுப்புக்கு வெற்றி, 7.5-6.5 என்று பட்டமும் சென்னைக்கு வந்தது.

இதை வைத்து இன்ஜினை ஒதுக்கச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. அது வருவதற்கு முன் விமர்சனம் பெரும்பாலும் முடிவைப் பார்த்து எழுதப்பட்டது. ஜெயித்தவரின் நகர்த்தல் எல்லாம் ஆழமான திட்டம், தோற்றவருடையது எல்லாம் தடுமாற்றம். அந்தப் பம்மாத்தை உடைத்தது இன்ஜின்தான். காஸ்பரோவ் தன் முன்னோடிகளைப் பற்றி எழுதிய நூலின் முதல் பாகம் 2003-ல் வந்தபோது, சாதாரண வாசகர்களே கணினியை வைத்துக்கொண்டு அதன் அலசலில் பிழை கண்டுபிடித்தார்கள். காஸ்பரோவையே திருத்த முடிகிறது என்றால் அது சின்ன விஷயமா?

எல்லாச் சிப்பாய்களும் முட்டிக்கொண்டு நின்று, யாராலும் உள்ளே புக முடியாத நிலைகளில் இன்ஜின் பெரிய சாதகம் காட்டி ஏமாறுவதும் உண்டு. அது குறைந்துகொண்டு வரும் குறை. நம் பழக்கம்தான் மாறவில்லை. ஆட்டம் முடிந்ததும் போனைத் திறந்து, முதல் நொடியில் வரும் எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம்.

ஒற்றை எண்ணைவிட முதல் மூன்று நகர்த்தல்களுக்கு இடையிலான இடைவெளி அதிகம் சொல்லும். முதலாவது +0.3, மூன்றாவது +0.2 என்றால் எதை ஆடினாலும் சரி. முதலாவது 0.00, இரண்டாவது −5 என்றால் ஒரே வழிதான் இருக்கிறது. நேரடி ஒளிபரப்புகளில் பட்டைக்குப் பக்கத்தில் இதையும் போடலாம். இன்ஜினுக்கு அது பெரிய வேலையல்ல. ஆனால் சிங்கப்பூரில் இதுவும் எச்சரித்திருக்காது. டிங்கிடம் டிராவுக்கு நகர்த்தல்கள் பல இருந்தன. அவர் தேடிப் பிடித்தது தோற்கும் நகர்த்தலை.