கருவி காணாத சிவப்பு

பழம்பொருளாய்வில் எக்ஸ்-கதிர்ப் புளோரொளிர்வு முறை இன்று பெருவழக்காகியுள்ளது. பொருளைச் சிதைக்காது அதன் மூலகங்களை அறியத்தருதல் இம்முறையின் சிறப்பு. நாணயம், வெண்கலப் படிமம், கண்ணாடி ஆகியவற்றின் ஆய்வில் இதன் பயனை நாம் மறுப்பதற்கில்லை. ஆயின், அது காட்டுவதே பொருளின் முழுமை எனக் கொள்ளும் போக்கு விமர்சனத்துக்குரியது.

சோழமண்டலக் கரையில் 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் கையால் வரைந்து சாயமூட்டப்பட்ட பருத்தித் துணிகளை நோக்குவோம். கரிய கோடுகள் இரும்புக் கரைசலாலும், சிவப்பு, படிகாரத்தின் துணையுடன் சாயவேராலும் ஆக்கப்பட்டன. கையடக்கக் கருவி இரும்பைத் தெளிவாகக் காட்டும்; சிவப்பின் முன்னே வாளாவிருக்கும். சிவப்பைத் தரும் அலிசரின் காபன், ஐதரசன், ஒட்சிசன் ஆகியவற்றாலான சேதனப் பொருள். ஐதரசன் இம்முறைக்கு எக்ஸ்-கதிர் எதனையும் தருவதில்லை. காபன் தரும் கதிரின் சக்தி ஏறத்தாழ 0.28 கிலோ இலத்திரன் வோல்ற்று மட்டுமே. சில மில்லிமீற்றர் வளியே அதனை உறிஞ்சிவிடும். வெற்றிடத்தில் வைத்துக் காபனை அளந்தாலும் சிக்கல் தீராது. சாயமேறிய பருத்தியிழையும் அதே மூன்று மூலகங்களாலானது. மூலகத்தை எண்ணும் கருவி மூலக்கூறின் அமைப்பை அறியாது. படிகாரத்தின் அலுமினியம் அகப்பட்டாலும், எவ்வேரின் சாயம் என்பதை அது கூறாது.

இது வெறும் தொழினுட்பக் குறைபாடன்று. ஒல்லாந்தர் காலத்தில் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளில் சாயவேர் அகழப்பட்டது. அவ்வுழைப்பு வேரகழும் சாதியினர்மீது கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. துணியின் விபரப் பட்டியலில் இரும்பு மட்டும் இடம்பெறுமாயின், அம்மக்களின் உழைப்பு வரலாற்றிலிருந்து மீண்டும் ஒருமுறை அகற்றப்படுகின்றது. ‘கண்டறியப்படவில்லை’ என்னும் முடிவு ‘இல்லை’ என்னும் முடிவாகத் திரியும் இடம் இதுவே.

எனவே, இம்முறையின் எல்லையை ஆய்வறிக்கை வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். சிறு நூலிழையொன்றைத் திரவ நிறப்பகுப்பியலுக்கு உட்படுத்தின், அலிசரினையும் அதனோடு கலந்துள்ள பிற சாயக்கூறுகளையும் பிரித்தறியலாம். அதன்வழி வேரின் இனத்தை அணுகலாம். அதனை அகழ்ந்த கைகளை அறிய, ஆட்சியாவணங்களையும் மக்கள் வழக்காறுகளையும் நாடுதல் வேண்டும். பொருளை அதனை ஆக்கிய உழைப்போடு சேர்த்து நோக்குவதே வரலாற்றுப் பொருள்முதல்வாதம். உலோகத்தோடு நின்றுவிடும் நோக்கு அப்பெயருக்கு உரியதாகாது.