நினைவேக்கம் யாருடையது? நாட்டுப்புற இசைத் தொகுப்புகளும் திண்டுக்கல் சமவெளியும்

முன்னுரை

நாட்டுப்புற இசைத் தொகுப்புகளை மதிப்பிடும் தமிழ்த் திறனாய்வில் ‘மண்வாசனை’ என்னும் சொல் ஓர் அளவுகோலாகவே நிலைபெற்றுள்ளது. கேட்போரை ஊருக்கும் இளமைக்கும் மீட்டுச்செல்லும் பாடல் சிறந்த பாடல் எனக் கொள்ளப்படுகிறது. அவ்வாறு பிறக்கும் நினைவேக்கம் யாருடையது, அது எதனை நினைவில் நிறுத்துகிறது, எதனை மறைக்கிறது என்னும் வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. திண்டுக்கல் சமவெளியின் தொழிற்சூழலை முன்வைத்து, மரபான தொகுப்புகளையும் சமகாலத் தொகுப்புகளையும் இவ்வினாக்களின் வழி இக்கட்டுரை அணுகுகிறது.

ஓர் ஒப்பீடு: ஹவாய்

நினைவேக்கம் இடம்மாறுவதற்கு ஹவாய்த் தீவுகளின் இசை தெளிவான சான்றாகும். ‘அலோஹா ஓஏ’ என்னும் விடைபெறும் பாடலை இயற்றிய லிலியுஓகலானி, பின்னர் அந்நாட்டின் அரசியானார். 1893இல் அவரது ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1898இல் தீவுகள் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன. 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற பெருங்கண்காட்சிக்குப் பின் ஹவாய் இசை அமெரிக்கா முழுவதும் விரும்பிக் கேட்கப்பட்டது. நாட்டை இழந்தோரின் பிரிவுப் பாடல் சுற்றுலாப் பயணியின் இனிய நினைவாயிற்று. 1970களில் எழுந்த பண்பாட்டு மறுமலர்ச்சி, மொழியையும் நில உரிமையையும் அவ்விசையோடு மீண்டும் இணைக்க முயன்றது. இசை ஒன்றாயினும் ஏக்கங்கள் இரண்டு என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

அச்சுத் தொகுப்புகள்

சார்லஸ் கோவர் 1871இல் வெளியிட்ட தென்னிந்திய நாட்டுப்பாடல் தொகுப்பு ஆங்கில மொழிபெயர்ப்பாக அமைந்தது. பெர்சி மாக்வீன் திரட்டிய பாடல்கள் கி.வா.ஜகந்நாதனால் பதிப்பிக்கப்பட்டு ‘மலையருவி’ என்னும் பெயரில் 1958இல் தஞ்சை சரசுவதி மகால் நூலக வெளியீடாக வந்தன. நா.வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ 1964இல் வெளியாகிப் பாடல்களைச் சமூக வரலாற்றுச் சான்றுகளாகக் காணும் பார்வையை வலுப்படுத்தியது. இவை இல்லையெனில் பல பாடல்கள் நமக்குக் கிட்டியிரா. எனினும் தாலாட்டு, காதல், தொழில், ஒப்பாரி என வகைப்படுத்தும் அச்சு முறை, பாடலை மெட்டிலிருந்தும் பாடும் தருணத்திலிருந்தும் பிரித்து வாசிப்புப் பொருளாக்குகிறது.

சிறுமலைக்கும் பழனி மலைத்தொடருக்கும் இடைப்பட்ட திண்டுக்கல் சமவெளி கிணற்றுப் பாசனத்தைப் பெரிதும் நம்பிய நிலம். ஏற்றமும் கவலையும் இயங்கிய நாள்களில் நீரிறைப்போர் பாட்டு உழைப்பின் ஒரு கருவியாக விளங்கியது. ஏற்றப்பாட்டில் வரும் எண்கள், இறைத்த சாலையும் எஞ்சிய வேலையையும் கணக்கிட்டன. மின்மோட்டார் வந்தபின் அக்கணக்கிற்குத் தேவையில்லாது போயிற்று. அச்சில் அதே எண்கள் ஓசை நயமாக எஞ்சுகின்றன. வாசிப்போருக்கு இனிக்கும் அடி, இறைத்தவருக்குத் தோள்வலியின் அளவு. இவ்வேறுபாட்டைச் சுட்டாத பதிப்பு, உழைப்பை அழகாக மட்டுமே காட்டிவிடுகிறது.

ஒலிநாடாவும் குரலும்

1976இல் வெளிவந்த ‘அன்னக்கிளி’ வழியாக இளையராஜா கிராமிய மெட்டுகளைத் திரையிசையின் மையத்திற்குக் கொணர்ந்தார். தொடர்ந்து பரவிய ஒலிநாடாக்கள் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், கே.ஏ.குணசேகரன் முதலியோரின் குரல்களை இல்லந்தோறும் சேர்த்தன. அச்சு இழந்த மெட்டும் குரலும் பாடுவோர் பெயரும் இங்கு மீண்டன, இது பெரும்பேறு. ஆயினும் வேலை முடியும்வரை நீண்ட பாட்டு, நாடாவின் அளவுக்கேற்பச் சில நிமிடங்களில் அடங்கியது.

எல்லா நாட்டுப்புற மெட்டும் ஏக்கத்தையே தரும் என்பதும் உண்மையன்று. இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாடலைக் குணசேகரன் பாடியபோது, அக்குரல் பழைய கிராமத்திற்குத் திரும்ப அழைக்கவில்லை. அக்கிராமத்தின் சாதியொழுங்கை நோக்கிக் கேள்வி எழுப்பியது. இறப்பு வீட்டில் கட்டாயமாகப் பறையடிக்க வைக்கப்பட்டோரின் வழிவந்தவர்க்கு அப்பறையொலி மண்வாசனை மட்டுமன்று. அடிமைத்தனத்தின் நினைவும் ஆகும். கேட்போர் யாவருக்கும் ஒரே கடந்தகாலம் உண்டு எனக் கருதும் திறனாய்வு இவர்களைக் கணக்கில் கொள்வதில்லை.

சமகாலம்

பா.இரஞ்சித்தின் முன்னெடுப்பில் 2018இல் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு, கானாவையும் ராப்பையும் இணைத்து இவ்வெதிர்க்குரலைத் தொடர்ந்தது. அக்குழுவின் அறிவு, தீயுடன் இணைந்து பாட, சந்தோஷ் நாராயணன் இசையமைப்பில் 2021இல் வெளியான ‘என்ஜாய் எஞ்சாமி’, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மூதாதையரின் நினைவையும் ஒப்பாரி மரபையும் உட்கொண்டது. சி.வி.வேலுப்பிள்ளை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ நூலில் தொகுத்த உலகமே இதன் பின்புலம். 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் தாயகம் திரும்பியோருள் ஒரு பகுதியினர் இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தின் கொடைக்கானல் மலைப்பகுதியில் குடியேறினர். ஆதலின் இப்பகுதியில் அப்பாடல் தொலைதூரத்துக் கதையன்று. இங்கு ஏக்கம் நிலத்தை விட்டு வந்தோருடையதாக இல்லாமல், நிலமே வாய்க்காதோருடையதாக அமைகிறது. கொண்டாட்டத் தாளத்தில் அதனைக் கேட்டு ஆடுவோர் இவ்வேறுபாட்டை எளிதில் கடந்துவிடுகின்றனர். படைப்புரிமையும் பெயரும் யாருக்கு உரியவை என 2021, 2022 ஆண்டுகளில் எழுந்த பொதுவிவாதம், பெயரின்றித் தொகுக்கப்பட்ட பழம்பாடகர்களின் நிலையையும் பின்னோக்கி எண்ணச் செய்கிறது.

முடிவுரை

நினைவேக்கம் பாடலைக் காக்கும் ஆற்றல் உடையது. விரும்பாததை எவரும் பேணுவதில்லை. ஆயின் அதுவே தரத்தின் அளவுகோலாகும்போது பாடியவர், உழைப்பு, சாதி, நிலவுரிமை ஆகியன தொகுப்பிலிருந்து மறைகின்றன. இனிவரும் களப்பதிப்புகள் பாடுவோர் இசைவுடன் அவர் பெயர், பாடலின் தருணம், தொழிலின் இயக்கம், அப்பாடலைப் பற்றி அவரே கூறும் கருத்து ஆகியவற்றைப் பாடலுடன் சேர்த்துப் பதிவுசெய்தல் வேண்டும். பாடியவர் அக்காலத்திற்குத் திரும்ப விரும்புகிறாரா என்னும் வினாவும் அப்பதிவில் இடம்பெற வேண்டும். இல்லை என்னும் விடை கிடைப்பினும் அதுவும் அப்பாடலின் பொருளே ஆகும்.