பாவைக்குப் புது உடுப்பு

கொல்லிப்பாவையைப் பற்றி மலைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப்படும் கதை ஒன்றுதான். பேரழகி, சிரிப்பாள், மயங்கி நெருங்கியவனைக் கொன்றுவிடுவாள். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் செம்மேட்டில் இறங்கும் எவருக்கும் இந்தக் கதை கிடைத்துவிடும். பரணரின் பாவை வேறு. குறுந்தொகை 89ஆம் பாடலில் தலைவி உரலில் குற்றியபடி வள்ளைப்பாட்டுப் பாடுகிறாள். அதற்கும் ஊர் ஏதோ பேசுகிறது. பேசட்டும், இந்த அறிவற்ற ஊருக்காக நாம் ஏன் வருந்தவேண்டும் என்கிறாள் தோழி. கொல்லியில் தெய்வம் எழுதிய பாவைக்கு அங்கே ஒப்பிடப்படுபவள், உலக்கை பிடித்து வேலை செய்துகொண்டிருக்கும் பெண். நற்றிணை 201இல் அதே பரணர் அந்தப் பாவையின் இயல்பைச் சொல்கிறார்: காற்று மோதினாலும், மழை அடித்தாலும், இடி விழுந்தாலும், நிலமே பெயர்ந்தாலும் அவள் உரு மாறாது. கொலைகாரிப் பட்டம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஆண் தடுமாறினால் பெண்ணின் சிரிப்பைக் காரணம் காட்டுவது நமக்குப் புதிதா என்ன?

இந்த இரண்டு பாடல்களையும் நடத்திய வகுப்பில், கொல்லிமலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி ஒருத்தி கேட்டாள்: "அப்ப அந்தப் பாவைக்கு ஸ்கின் மாத்த முடியாதுங்களா அம்மா?" வகுப்பு சிரித்தது. ஸ்கின் என்றால் என்னவென்று அவள்தான் எனக்கு விளக்கினாள். அதன்பின் சில மாதங்கள் நான் வாசித்த பிரதி ஃப்ரீ ஃபயர் என்ற விளையாட்டு.

வாசித்தேன் என்றுதான் சொல்லவேண்டும், எனக்கு ஆடவராது. விளையாட்டைத் தரவிறக்கக் காசு இல்லை. உள்ளே போனதும் முதலில் கையில் கிடைக்கும் இருவருக்கு ஆதாம், ஏவாள் என்று பெயர். இருவருக்கும் தனித்திறன் எதுவும் கிடையாது. திறனுள்ளவர்கள் வேறு இருக்கிறார்கள். கெல்லி என்ற ஓட்டக்காரிப் பெண், மற்றவர்களைவிட வேகமாக ஓடுவாள். இவர்களுக்கான உடுப்பு, முகமூடி, துப்பாக்கிக்கான மேல்பூச்சு எல்லாமே தனித்தனியாக விலைக்கு. துப்பாக்கிக்கு வாங்கும் சில பூச்சுகள் சுடும் வலிமையையும் கூட்டும். அதனால் "வெறும் அலங்காரம்தானே" என்று தள்ளிவிட முடியாது. கெல்லியின் ஓட்டத்துக்கு ஒரு வரி விளக்கம்; அவள் உடுப்புகளுக்குக் கணக்கில்லை. ஒன்று போனால் இன்னொன்று வரும், அதுவும் "இன்னும் இரண்டு நாள் மட்டும்" என்ற கடிகாரத்தோடு. பரணரின் பாவை மாறாமல் நின்றாள். இந்தப் பாவை மாறாமல் நின்றால் கடை நடக்காது.

ரூபாய் அங்கே செல்லாது. முதலில் ரூபாயைக் கொடுத்து 'டைமண்ட்' வாங்கவேண்டும், பிறகு டைமண்டைக் கொடுத்துப் பொருள் வாங்கவேண்டும். டைமண்ட் கட்டுகளின் அளவும் பொருள்களின் விலையும் ஒன்றோடொன்று எளிதில் பொருந்துவதில்லை. கொஞ்சம் மிஞ்சும், மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல் இன்னொரு கட்டு வாங்கத் தோன்றும். சுழற்சக்கரம் வேறு இருக்கிறது. அதில் டைமண்டைப் போட்டுச் சுற்றினால் கேட்ட உடுப்பு விழலாம், விழாமலும் போகலாம். 2006இல் அமெரிக்காவின் பெதஸ்தா நிறுவனம் ஒரு விளையாட்டுக் குதிரைக்கான கவசத்தை இரண்டரை டாலருக்கு விற்றபோது உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் கேலி செய்தார்கள். கேலி அடங்கிவிட்டது, வியாபாரம் நிலைத்துவிட்டது.

சிறு பொட்டலத்தில் விற்கும் வித்தையைத் தமிழ்நாட்டுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஷாம்பூவைச் சாஷேயில் அடைத்தவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். அவர் மகன் 1983இல் தொடங்கிய சிக் ஷாம்பூ கிராமத்துப் பெட்டிக்கடைகளில் சரம்சரமாகத் தொங்கியது. பாட்டில் வாங்க வழியில்லாத பெண்களும் தலைக்கு நுரை போட்டார்கள். அதை இழிவாகப் பேசும் மேட்டிமை எனக்கில்லை. நானும் அந்தச் சாஷேயைப் பல்லால் கிழித்து வளர்ந்தவள்தான். ஆனால் சாஷேயின் மேல் விலை ரூபாயில் அச்சிட்டிருந்தது. நுரை போனதும் அது தீர்ந்தது. "இந்தச் சீசனுக்கு உன் கூந்தல் பழசாகிவிட்டது" என்று அது மறுவாரம் நம்மிடம் சொல்லவில்லை.

மாசி மாதம் அந்த மாணவியின் வீட்டுக்குப் போயிருந்தேன். சோளக்காட்டுச் சந்தையிலிருந்து கொஞ்ச தூரம். அம்மா மிளகு பறிக்கப் போகிறவர். மற்ற நாட்களில் மரவள்ளிக் காட்டில் வேலை. வீட்டில் உள்ள ஒரே நல்ல போன் மகளிர் குழுக் கடனில் அவர் பெயரில் வாங்கியது. "இவ படிப்புக்குன்னுதான் வாங்குனது" என்றார் மகளைக் காட்டி. போன் இருந்தது பத்தாவது படிக்கும் தம்பி கையில். மூன்று மாதத்தில் அம்மாவின் கணக்கிலிருந்து நாலாயிரத்துச் சொச்சம் டைமண்டாகப் போயிருந்தது. எல்லாம் சின்னச் சின்னத் தொகை, ஒன்றும் கண்ணில் படவில்லை. குழுத் தவணை கட்டப் போன நாளில்தான் தெரிந்திருக்கிறது.

அதை அவர் சொன்ன விதம் முக்கியம். நாலாயிரம் என்று சொல்லவில்லை. "பதினஞ்சு நாள் மொளகும்மா" என்றார். விளையாட்டு ரூபாயை டைமண்டாக்குகிறது, கூலிக்குப் போகும் பெண் அதே ரூபாயை நாளாக்குகிறாள். ஏணியில் நின்ற நாள், கால் மரத்துப்போன நாள். ரூபாய் என்ற பொதுக் கணக்கு நடுவில் இருந்திருந்தால் மகனும் அம்மாவும் ஒரே பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க முடியும். டைமண்ட் அந்தப் பேச்சையே வெட்டிவிடுகிறது. அவனுக்கு அது நானூறு டைமண்ட் சட்டை; அது அம்மாவின் முதுகிலிருந்து வந்தது என்று திரையில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

குழுக் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "புள்ளைய அடக்கத் தெரியாதவன்னு சொன்னாங்க." அப்பாவைப் பற்றி? யாரும் எதுவும் சொல்லவில்லையாம். குறுந்தொகை ஊர் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. தலைமுறைகளாகச் சாமையும் தினையும் குற்றியது இந்த மலைப் பெண்கள். அந்த அலுப்பும் சேர்ந்துதான் நிலங்கள் மரவள்ளிக்கு மாறின. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சில ஊர்களில் அரவை இயந்திரங்களைக் கொண்டுவந்தபோது பெண்களின் கை கொஞ்சம் ஓய்ந்தது. ஓய்ந்த கை சேர்த்த காசின் மேல் இப்போது வேறொருவர் கை.

இது கொல்லிமலைக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 2021இல் சத்தீஸ்கரில் ஒரு பள்ளி ஆசிரியையின் கணக்கிலிருந்து மூன்று மாதங்களில் 278 முறை பணம் போயிருந்தது, மொத்தம் 3.22 லட்சம். இணையத் திருட்டு என்று நினைத்துப் போலீசுக்குப் போனார். ஃப்ரீ ஃபயர் ஆடிய 12 வயது மகன்தான் என்று தெரியவந்தது. கணக்குப் போட்டால் தடவைக்கு ஆயிரத்துச் சொச்சம்தான். செய்திகளில் அதிர்ச்சியாகப் பேசப்பட்டது பையனின் வயது. விற்றவர் பக்கம் அதிகம் பேச்சு திரும்பவில்லை.

சட்டமும் விற்றவர் பக்கம் பெரிதாகத் திரும்பவில்லை. பப்ஜி 2020 செப்டம்பரிலும் ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியிலும் தடைசெய்யப்பட்டது நாட்டின் பாதுகாப்பு, தகவல் பாதுகாப்பு என்ற காரணங்களுக்காக. பப்ஜி 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது, ஃப்ரீ ஃபயர் 'மேக்ஸ்' என்ற பெயரில் தொடர்ந்தது. அவையும் ஸ்கின் மாற்றிக்கொண்டன. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்ற 2025ஆம் ஆண்டு விதிகள், அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் எல்லாவற்றின் கண்ணும் பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டத்தின் மேல்தான். சட்டை வாங்கிய பையனுக்குப் பணம் திரும்பி வரும் வழியே இல்லை. ஆகவே அது சூதாட்டம் ஆகாது, கடை ஆகிவிடுகிறது. பெல்ஜியம் 2018லேயே, காசு வாங்கிக்கொண்டு அதிர்ஷ்டத்தை விற்கும் பெட்டிகளைச் சூதாட்டம் என்றது. ஃபோர்ட்நைட் விளையாட்டில் தெரியாமல் வாங்கவைத்ததற்காக 24.5 கோடி டாலர் திருப்பித் தர எபிக் நிறுவனம் 2022 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புக்கொண்டது. இந்தியாவில் 2023 நவம்பரில் வந்த நுகர்வோர் வழிகாட்டுதல்கள் ஏமாற்று உத்திகள் 13ஐப் பட்டியலிட்டுள்ளன. பொய்யான அவசரம் காட்டுவது அவற்றில் ஒன்று. அந்த ஓடும் கடிகாரத்தை யாராவது அதன்முன் நிறுத்திப் பார்க்கலாம்.

"போனைப் பிடுங்கிவிடுங்கள்" என்று மேடையில் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிடுங்கத் தொடங்கினால் வீட்டில் முதலில் பறிபோவது பெண்ணின் போன். எங்கள் விடுதியிலேயே விடுமுறை முடிந்து போன் இல்லாமல் திரும்பி வரும் பெண்கள் உண்டு. தம்பி செய்த குற்றத்துக்குத் தண்டனை அக்காவுக்கு.

அந்த மாணவியும் ஆடுகிறவள்தான். தம்பியைவிட நன்றாக ஆடுவாள் என்று தம்பியே சொன்னான். ஒரு ரூபாய்கூடச் செலவழித்ததில்லை. பெண் பாத்திரத்தை எடுப்பதில்லை, மைக்கைத் திறப்பதில்லை. ஒருமுறை திறந்தபோது குரலைக் கேட்டதும் முகம் தெரியாத ஒருவன் "ஸ்கின் கிஃப்ட் அனுப்பட்டுமா?" என்றானாம். வேண்டாம் என்றதும் வசை. அவள் அதற்கு எனக்குக் கொடுத்த விளக்கம்: "வாங்கிட்டா நம்பர் கேப்பாங்கம்மா. வாங்காட்டித் திட்டுவாங்க." அதனால் எந்தத் திறனும் இல்லாத ஆதாமை எடுக்கிறாள், கொடுத்த உடுப்போடு. இலவச உடுப்பில் வருகிறவனை 'நூப்' என்று இளக்காரமாக விட்டுவிடுவார்கள், யாரும் குறிவைப்பதில்லை. கடைசி வட்டம் வரை ஒளிந்து வந்து அங்கே சுடுவாளாம்.