படிக்காத நாவலுக்காகப் போட்ட சண்டை

2011-இன் தொடக்கம். சுங்கை சிப்புட்டில் ஓர் ஒட்டுக்கடை. தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு வெளியேறி வந்த குடும்பங்கள்தான் அந்தப் பக்கத்தில் அதிகம். காலையில் தோசைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்: 'இன்டர்லோக்'. “நம்ம எல்லாரையும் அந்த ஜாதின்னு எழுதி வச்சிருக்கான், இத புள்ளைங்க பள்ளிக்கூடத்துல படிக்கணுமாம்,” என்று ஒரு மாமா மேசையைத் தட்டினார். தோசை ஊற்றிக்கொண்டிருந்த ஆயா திரும்பிப் பார்க்காமலேயே கேட்டார்: “ஏன்டா, அந்த ஜாதின்னா அப்படி என்னா கொறச்சல்?”

கடையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு யாரோ விலைவாசி பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

அன்றைக்கு அந்தக் கடையில் இருந்த யாரும் நாவலை வாசித்திருக்கவில்லை. நானும்தான். அது பேராக் பள்ளிகளுக்குப் பாடநூலும் அல்ல. வடமாநிலங்களோடு சேர்ந்து எங்களுக்கு வந்தது 'காபுஸ் டி பெர்புகித்தான்'. 'இன்டர்லோக்' சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா, நெகிரி செம்பிலான் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கானது. ஆனாலும் சண்டை நாடு முழுக்க நடந்தது. நடந்ததில் எனக்கு வருத்தமில்லை. எதைப் பற்றிச் சண்டை போட்டோம் என்பதில்தான் வருத்தம்.

நாவலைப் பிறகு தேடி வாசித்தேன். அப்துல்லா ஹுசைன் எழுதியது. சுதந்திரத்தின் பத்தாம் ஆண்டையொட்டி நடந்த போட்டிக்குப் போய், 1971-இல் நூலானது. ஆசிரியர் 1996-இல் தேசிய இலக்கியவாதி ஆனார். செமான் குடும்பம், சிங் ஹுவாட் குடும்பம், மணியம் குடும்பம் என்று மூன்று பகுதிகள், மூன்றும் பின்னிக்கொள்ளும் நான்காம் பகுதி. நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1957 வரை கதை வருகிறது. கப்பலில் வரும் இந்தியர்களைச் சொல்லும் இடத்தில்தான் 'பறையர்' என்ற சொல் வருகிறது. மணியம் கேரளத்திலிருந்து வருகிறான், ஆனால் தமிழ்க் குடும்பம்போல நடமாடுகிறான். ஆசிரியருக்கு நம்மைப் பற்றிக் கேள்விஞானம் மட்டும்தான் இருந்திருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

ஆனால் என்னுடைய குறை அந்தச் சொல்லோடு முடியவில்லை. மலாய்க்காரருக்குக் கிராமம், சீனருக்குக் கடை, இந்தியருக்குத் தோட்டம். காலனி அரசு பிரித்து வைத்த அந்த மூன்று அறைகளிலேயே நாவலும் குடியேறுகிறது. பாத்திரங்கள் தங்கள் இனத்தின் பிரதிநிதிகளாக நடக்கிறார்கள், மனிதர்களாகக் கொஞ்சம்தான் நடக்கிறார்கள். மணியத்துக்குத் துன்பம் வருகிறது, உதவி வருகிறது, நன்றி வருகிறது. சங்கம் கட்டி முதலாளியிடம் வாதாடிய தோட்டத்து மனிதனின் குரல் எனக்கு அதில் கேட்கவே இல்லை.

கேட்டிருக்க வேண்டிய குரல் அது. 1948 ஜூன் 16-இல் இதே சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் பிறந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ.கணபதி 1949 மே 4-இல் தூக்கிலிடப்பட்டார். அவர் ஒரு தமிழர். நாவல் கடந்துபோகும் ஆண்டுகள்தான் இவை. சொந்த வரலாற்றில் வாதாடிக்கொண்டே இருந்த ஒரு சமூகத்தை வாயில்லாத சமூகமாகக் காட்டியதுதான் அந்த நாவல் நமக்குச் செய்த பெரிய அநீதி என்று நினைக்கிறேன். இந்த வாதத்தை நாம் வைத்திருக்கலாம். வைத்தோமா?

2011 பிப்ரவரி 27-இல் ஹிண்ட்ராப் ஆதரவாளர்கள் கோலாலம்பூரில் பேரணிக்கு முயன்றார்கள், பலர் கைதானார்கள். அரசு குழு அமைத்தது, திருத்தம் பேசியது, 2011 டிசம்பரில் நூலைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தே விட்டது. நம் அரசியல்வாதிகள் வெற்றி என்றார்கள். எனக்குத் தெரிந்து அந்தப் போராட்டத்துக்குள் இரண்டு கோபங்கள் இருந்தன. ஒன்று, இழிசொல்லாகப் புழங்கும் ஒரு பெயரைப் பிள்ளைகள்மேல் வகுப்பில் எறிவார்கள் என்ற கோபம். அது நியாயம். அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கப்போவது பதினேழு வயதுப் பிள்ளை, விமர்சகன் அல்ல. இன்னொன்று, 'நாங்க அவங்க இல்ல' என்ற கோபம். லயத்துக்கு லயம் சாதி பார்த்துக் குடிவைத்த தோட்டத்திலிருந்து நாம் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்த கோபம் அது. இரண்டும் ஒரே பதாகையின் கீழ் நடந்தன. ஆயா கேட்டது இரண்டாவதைத்தான். மேடையில் யாராவது அதைக் கேட்டிருந்தால் அந்தப் போராட்டம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

'இலக்கியவாதிகள் என்ன செய்தீர்கள்?' என்று கேட்பீர்கள். நம் சூழலில் நாவலை முழுக்க வாசித்து எழுதப்பட்ட விரிவான விமர்சனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அறிக்கைகள்தான் அதிகம். ஒரு நாவலோடு வாதாடுவதைவிட அமைச்சிடம் மனு கொடுப்பது நமக்கு எளிதாக இருந்தது. அந்த எளிமைக்கு விலை உண்டு. 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு ம.நவீனின் 'பேய்ச்சி' நாவலைத் தடை செய்தது. ஆபாசம், ஒழுக்கக்கேடு என்று காரணம். தோட்டத்துத் தமிழனே தன் சனத்தைப் பற்றித் தமிழில் எழுதிய நாவல். அப்போது என் காதில் விழுந்த பேச்சு பழகிய பேச்சுதான்: “நம்ம சனத்த அசிங்கமா எழுதியிருக்கானாம்.” படிச்சீங்களா என்றால், “அதெல்லாம் எதுக்குப் படிக்கணும்?”

இரண்டும் ஒன்றல்ல. ஒரு நூல் பாடத்திட்டத்திலிருந்து போனது, இன்னொன்றை விற்பதே குற்றமானது. பாடநூல் என்பது அரசு மாணவர்மேல் திணிப்பது, அதை எதிர்க்க நமக்கு முழு உரிமை உண்டு. நாவலைக் கையில் எடுப்பதும் மூடி வைப்பதும் வாசகன் விருப்பம். இந்த வேறுபாட்டை 2011-லேயே நாம் பேசிப் பழகியிருந்தால், 2020-இல் தடைக்கு எதிராகப் பேச இன்னும் கொஞ்சம் பேர் இருந்திருப்பார்கள். 'நூலை வாசி, தவறைக் காட்டு, பதில் எழுது' என்ற பழக்கம் இல்லாத இடத்தில் 'எடு, தடை செய்' மட்டும்தான் மிஞ்சும். இன்றைக்கு நாம் கை தட்டும் அந்த அதிகாரம் நாளைக்கு நம் வீட்டுக் கதவையும் தட்டும்.

போன தடவை ஊருக்குப் போனபோது 'இன்டர்லோக்'கைப் பையில் எடுத்துப் போனேன். கடையை இப்போது ஆயாவின் மகள் நடத்துகிறார். அந்த மாமா அதே மேசையில்தான் இருந்தார். மணியத்தின் பகுதியிலிருந்து இரண்டு பக்கத்தை மலாயில் படித்து, தமிழில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “எங்கப்பா சங்கத்துல இருந்தாரு, போலீஸ் தேடுச்சு. அதெல்லாம் இதுல இல்லியா?” என்றார்.

இல்லை மாமா என்றேன். “அப்ப அத நீங்கதான எழுதணும்,” என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தார். ஆயாவின் கேள்வியை அவரிடம் நினைவுபடுத்த நினைத்தேன். அன்றைக்கும் எனக்குத் தைரியம் வரவில்லை.