மருத்துவருக்கு மருந்தான பெண்

மருத்துவமனையின் பணவேட்கையை எள்ளி நகையாடிய படங்களைப் பற்றிப் பேசும்போது, 1971இல் வெளிவந்த 'தி ஹாஸ்பிட்டல்' என்ற அமெரிக்கப் படத்தைத் தவிர்க்க முடியாது. பேடி சாயெஃப்ஸ்கி எழுதி, ஆர்தர் ஹில்லர் இயக்கிய படம். திரைக்கதைக்காகச் சாயெஃப்ஸ்கி ஆஸ்கர் பெற்றார். 1995இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இது சேர்க்கப்பட்டது. மருத்துவ அறம் பேசும் படம் என்று இதைக் கொண்டாடுகிறார்கள். அந்தக் கொண்டாட்டத்தில் நானும் பாதியளவு சேர்ந்துகொள்வேன். மறுபாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நியூயார்க் நகரத்தின் பெரிய மருத்துவமனை ஒன்றில் கதை நடக்கிறது. நோயைத் தவறாகக் கணித்துக் கொடுத்த மருந்தால் ஒரு முதியவர் இறந்துபோகிறார். காலியான அந்தப் படுக்கைக்கு இளம் மருத்துவர் ஒருவர் தன் காதலியை அழைத்துவருகிறார். பிறகு அங்கேயே கிடக்கும் அவரை நோயாளி என்று எண்ணி டிரிப்ஸ் ஏற்றிவிடுகிறார்கள். காலையில் அவர் பிணமாகக் கிடக்கிறார். அடுத்தடுத்து மரணங்கள். அறுவை மேசையில் வேறொரு நோயாளியின் இடத்தில் ஒரு செவிலியர் கிடத்தப்பட்டு இறக்கிறார். மேசையில் கிடப்பது யார் என்று பார்க்க அங்கே எவருக்கும் தோன்றவில்லை. இவற்றுக்குப் பின்னால் ஒரு கொலையாளி இருக்கிறார். ஆனால் அவர் செய்வது அதிகமில்லை. ஆட்களை மருத்துவமனையின் கையில் ஒப்படைத்துவிடுகிறார், மிச்சத்தை அதன் அலட்சியம் பார்த்துக்கொள்கிறது. படத்தின் கூர்மையான அங்கதம் இதுதான்.

பணம் இரண்டு முகங்களில் வருகிறது. ஒருவர் வெல்பெக், தன்னையே ஒரு நிறுவனமாக மாற்றிக்கொண்டு பங்குச் சந்தைக் கணக்கில் மூழ்கியிருக்கும் அறுவை மருத்துவர். இன்னொருவர் திருமதி குஷிங். அவசரச் சிகிச்சைப் பிரிவில் வலியில் கிடப்பவர்களிடம் காப்பீட்டு எண் கேட்டு அலையும் கணக்குப் பிரிவுப் பெண். அவர் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும் நோயாளி இறந்துபோயிருப்பதுகூட அவருக்குத் தெரிவதில்லை. நாம் சிரிக்கிறோம். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். இலாபம் போய்ச் சேரும் இடத்தில் குஷிங் இல்லை. சம்பளத்துக்குப் படிவம் நிரப்பும் கடைநிலை ஊழியர் அவர். இருந்தும் நோயாளியின் தலைமாட்டில் நிற்கும் பேராசைக்குப் பெண் முகம் கிடைத்திருக்கிறது. செவிலியர் தலைவியும் இப்படித்தான். மரணத்துக்கு விளக்கம் கேட்டு, நாஜி முகாமின் பெயரைச் சொல்லி அவரை ஏசுகிறார் மருத்துவத் துறைத் தலைவர் பாக். பார்வையாளர்கள் பாக்கின் பக்கம் நிற்கிறார்கள்.

ஜார்ஜ் சி. ஸ்காட் நடித்த இந்த பாக்தான் படத்தின் மனச்சாட்சி. மனைவியைப் பிரிந்தவர், குடிப்பவர், சாக நினைப்பவர். தன் ஆண்மையிழப்பைப் பற்றி நீளமாகப் பேசுகிறார். படுக்கையறைச் சிக்கலை மட்டும் அவர் சொல்லவில்லை, வேலையின் மீதே வேட்கை போய்விட்டது என்கிறார். ஒரு நிறுவனத்தின் நோய் இங்கே ஓர் ஆணின் உடல் குறையாகப் பெயர்க்கப்படுகிறது. அப்படிப் பெயர்த்துவிட்டால் மருந்தும் அந்த வழியில்தானே வரவேண்டும்?

வருகிறது. நோயாளி ஒருவரின் மகளான பார்பரா (டயானா ரிக்), அவர் ஊசியால் உயிரை மாய்த்துக்கொள்ளப் போகும் நேரத்தில் அறைக்குள் வந்துவிடுகிறாள். பாக் சீறுகிறார், அவளைப் பிடித்து உடையைக் கிழிக்கிறார், சோபாவில் தள்ளுகிறார். மறுநாள் காலை அவள் காதலையும் குழந்தைகளையும் பற்றிப் பேசுகிறாள். தற்கொலை வெறியில் உன்னை வன்புணர்ந்தேனே, அதற்குள் காதலும் குழந்தையும் எங்கிருந்து வந்தன என்று பாக் கேட்கிறார். குற்றத்தின் பெயர் படத்திலேயே உச்சரிக்கப்படுகிறது, அதுவும் நகைச்சுவையாக! பாக்கின் ஆண்மை திரும்பிவிட்டது. நோய் தீர்ந்தது.

அவள் முன்பே ஆசையைக் காட்டினாளே என்று சிலர் சொல்லலாம். காட்டினாள். ஆசை தெரிந்த பிறகும் இந்தக் காட்சிக்கு ஏன் கிழிந்த உடை தேவைப்பட்டது? மறுநாள் அவள் வாயில் மகிழ்ச்சியை வைத்தவரும் அதே சாயெஃப்ஸ்கிதான். பெண்ணின் மறுப்பை ஊடல் என்று வாசித்துப் பழகிய நமக்கு இந்த உத்தி புதிதல்ல. 'கற்பழிப்பு' என்ற சொல்லைக் கைவிட்டு 'வன்புணர்வு' என்று எழுத நாம் ஏன் பாடுபட்டோம் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். முதல் சொல் அவள் எதை இழந்தாள் என்று தேடுகிறது. இரண்டாவது, அவன் என்ன செய்தான் என்று சொல்கிறது.

'அந்தக் காலம் அப்படி' என்ற சமாதானமும் நிற்காது. பாஸ்டன் நகரப் பெண்கள் கூடி, மருத்துவர்களின் மேட்டிமையை எதிர்த்துத் தங்கள் உடலைத் தாங்களே படித்து எழுதிய சிறுநூல் 1970இல் வந்தது. 'அவர் பாடிஸ், அவர்செல்வ்ஸ்' என்று அதற்குப் பெயர் மாறியது 1971இல், இந்தப் படம் வந்த அதே ஆண்டில். கேள்வி அன்றே எழுந்துவிட்டது. திரைக்கதை அதைக் காதில் வாங்கவில்லை.

மருத்துவ அறத்தின் அடிப்படை, கேட்காமல் ஒரு உடலைத் தொடக்கூடாது என்பது. ஆள் மாறிப் படுத்த அறுவை மேசையை அவலமாகக் காணும் படம், பாக்கின் சோபாவைச் சிகிச்சையாகக் காண்கிறது. இறுதியில் பார்பரா தந்தையோடு மெக்சிகோவுக்குக் கிளம்புகிறாள். பாக் பொறுப்புணர்வோடு மருத்துவமனைக்குள் திரும்பி நடக்கிறார். படம் அவருக்கு வணக்கம் வைக்கிறது.

என் மாணவிகளிடம் இந்தப் படத்தைப் பார்க்கவே சொல்கிறேன். பணம் உடல்களை எப்படிக் கணக்கு எண்களாக்குகிறது என்று இவ்வளவு தெளிவாகக் காட்டிய படங்கள் குறைவு. பார்க்கும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். சாகக் கிடக்கும் நோயாளிகளுக்காக இந்தப் படம் எழுப்பும் அதே கேள்வியை, அந்தச் சோபாவில் தள்ளப்பட்டவளுக்காகவும் எழுப்பிப் பாருங்கள். அவளிடம் யாராவது கேட்டார்களா?