நீடொலியும் அதன் நிறைவும்: சன் குழுவின் இரண்டு இசைத்தட்டுகள்

ஒரு சுரம் இடையறாது நீண்டு ஒலிப்பதை ஈண்டு நீடொலி எனக் குறிக்கின்றோம். தம்பூரும் நாகசுரத்திற்குத் துணையாகும் ஒத்தும் தருவது இதுவே. அங்கு நீடொலி நிலமாகும். பண் அதன்மேல் எழும் கட்டடமாகும். அமெரிக்க ராக் இசையின் ஒரு கிளையோ நிலத்தையே கட்டடமாகக் கொண்டது. பண்ணும் தாளமும் நீங்கிய இவ்விசையைக் கலை எனல் தகுமோ என்பார் உளர். சன் என்னும் குழு 2019இல் வெளியிட்ட 'லைஃப் மெட்டல்', 'பைரோகிளாஸ்ட்ஸ்' என்னும் இரண்டு இசைத்தட்டுகளைக் கொண்டு அவ்வினாவை ஆராய்வாம்.

இந்நெறி முழுவதும் இந்திய இசையின் வழித்தோன்றலே என்பது ஒரு சாரார் கருத்து. அமெரிக்க இசைப் புலவர் லா மான்ட் யங் 1970இல் இந்துத்தானி இசைவாணர் பண்டித பிரான்நாத்தின் மாணவரானமை உண்மையே. ஆயின், நெடுஞ்சுரங்களால் ஆகிய அவர்தம் படைப்பு 1958இலேயே தோன்றிவிட்டது. இளமையில் கேட்ட காற்றின் ஓசையும் மின்கம்பிகளின் முரற்சியும் தம்மைத் தூண்டியதாக அவரே கூறியுள்ளார். ஆதலின் ஊற்று ஒன்றே எனல் பொருந்தாது. அவருடன் இசைத்த ஜான் கேல் பின்னர் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவில் சேர்ந்து, 1967இல் வெளிவந்த அதன் முதல் இசைத்தட்டில் நீடொலியை ராக் இசைக்குள் புகுத்தினார். 1993இல் டிலன் கார்ல்சனின் எர்த் குழு, மூன்றே உருப்படிகளை எழுபது நிமிடத்திற்கும் மேலாக நீட்டி 'எர்த் 2' என வெளியிட்டது. அதனைப் போற்றும் கருத்துடன் ஸ்டீபன் ஓமல்லியும் கிரெக் ஆண்டர்சனும் 1998இல் தொடங்கியதே சன் குழு. ஒலிபெருக்கி வகை ஒன்றன் பெயரையே குழுவின் பெயராகச் சூட்டினர். கருவி இவர்க்கு எத்துணை முதன்மையானது என்பதற்கு இதுவே சான்று.

இனி, மாறாதது போலத் தோன்றும் ஒலியின் உள்நிலையை நோக்குவாம். ஒரு கம்பி நொடிக்கு 55 முறையும் மற்றொன்று 56 முறையும் அதிரின், நொடிக்கு ஒரு விம்மல் பிறக்கும். இரண்டு கிதார்கள் சிறிதே வேறுபட்டு ஒலிக்கும்போது தாளக்கருவி இன்றியே ஒரு துடிப்பு எழுவது இதனாலேயே. மேலும், பெருக்கியினின்று வரும் ஒலி கம்பியை மீண்டும் அதிரச் செய்ய, அடிச்சுரத்தினின்று மேற்சுரங்கள் தாமே கிளைக்கும். கலைஞன் இவற்றைப் புதிதாகப் படைப்பதினும் நெறிப்படுத்துகின்றான் எனலே பொருத்தம்.

இவ்விரண்டு தட்டுகளையும் 2024இல் மறைந்த ஸ்டீவ் அல்பினி சிகாகோவில் ஒலிநாடாவிற் பதிவு செய்தார். 'லைஃப் மெட்டல்' நான்கு உருப்படிகளை உடையது. முதலாவதில் குதிரையின் கனைப்பொலி கேட்கின்றது; கிதாரின் பேரொலிமேல் ஐஸ்லாந்து நாட்டு ஹில்டூர் குட்னாடாட்டிரின் குரல் மெல்லென எழுகின்றது. இரண்டாவதில் குழலார்கன் சேர்கின்றது. இறுதி உருப்படியாகிய 'நோவே' இருபத்தைந்து நிமிடம் நீள்கின்றது. அந்நீளம் வீணன்று. ஒவ்வொரு சுரக்கோவையும் தேய்ந்து அடங்கும்வரை காத்திருந்தே அடுத்தது வருகின்றது. ஒலியின் அழிவும் உருப்படியின் உறுப்பாகின்றது.

'பைரோகிளாஸ்ட்ஸ்' வேறு வகையினது. அப்பதிவு நாள்களில் குழுவினர் அனைவரும் நாள்தோறும் பன்னிரண்டு நிமிட அளவு ஒரு சுரத்தை மையமாகக் கொண்டு முன்னேற்பாடின்றி இசைத்தனர். அவற்றுள் நான்கே இத்தட்டாயின. இது பயிற்சியேயன்றிப் படைப்பன்று எனச் சிலர் கூறுவர். யாம் அதற்கு உடன்படோம். கால வரையறையும் சுர வரையறையும் இங்கு யாப்பாக நிற்கின்றன. அவ்வரம்பினுள் ஒருவர் ஒலிக்கு மற்றவர் செவிகொடுக்கும் பண்பே பொருளாகின்றது. எனினும் குறை ஒன்று உண்டு. நான்கும் ஏறத்தாழ ஒரே வகையாய் எழுந்து, ஒரே வகையாய் அடங்குகின்றன. தனித்தனியே கேட்பார்க்கு நிறைவு தருவன, தொடர்ந்து கேட்பார்க்கு அயர்வு தருகின்றன.

இவ்வேறுபாட்டினின்று ஓர் அளவுகோல் பெறலாம். மாற்றம் மிகுதியோ குறைவோ என்பது நீடொலி இசைக்கு அளவாகாது. ஒலியினுள் அசைவு உண்டோ, அவ்வுருப்படி முடியும் இடம் அதற்கே உரியதோ என்னும் இரண்டுமே அளவாகும். முன்னதில் இரண்டு தட்டுகளும் தேறுகின்றன. பின்னதில் 'லைஃப் மெட்டல்' மட்டுமே முழுதும் தேறுகின்றது. பேரொலி ஒன்றே இவ்விசையின் ஆற்றல் என்பாரும் உளர். அரங்கில் இவ்வொலி உடலால் உணரப்படுவது மெய்யே. ஆயினும், ஒலியளவைக் குறைத்துக் கேட்டபோதும் 'நோவே' தன் அமைப்பை இழக்கவில்லை. பேரொலி நீங்கியபின்னும் எஞ்சி நிற்பது எதுவோ அதுவே கலை என்பது எம் துணிபு.